ரிஜெக்ட் சாரின் மூளைப் படம்

எங்கள் கம்பெனி கேன்டீனில் சாம்பார் வாளியோடு வருகிறவர் அந்த ஒருத்தர் மேசைக்கு மட்டும் கடைசியாகத்தான் வருவார். கரண்டியைச் சாய்ப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மனிதர் தட்டை முகத்துக்குக் கிட்டே தூக்குவார். ஒரு கண்ணைச் சுருக்கி, முருங்கைக்காயை விரலால் புரட்டிப் பார்ப்பார். பிறகு "ரிஜெக்ட்" என்பார். சொல்லிவிட்டு அதே சாம்பாரை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. லைன் முழுக்கப் பெண்கள். நகர்ந்துகொண்டே போகிற போர்டில் நிறம் நிறமான வயர்களை ஒழுங்காகப் படுக்கவைத்து, முனைகளைக் கனெக்டரில் சொருகி, டேப் சுற்றி அனுப்புவோம். லைனின் கடைசியில் இவர் நிற்பார், கியூசி இன்ஸ்பெக்டர். நாங்கள் கட்டியதை இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. நேரில் கியூசி சார் என்போம். முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் சார். அந்தப் பெயர் ஒருநாள் அவர் காதுக்கும் எட்டிவிட்டது. என்ன ஆகுமோ என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

எங்கள் லைன் பெண் ஒருத்திக்குப் பென்னலூரில் கல்யாணம் நடந்தது. எல்லாரும் மேடை ஏறி, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம். இவர் ஏறினார். மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் போய்ச் சுற்றிவந்து இன்னொரு பார்வை. அப்புறம் மணப்பெண்ணின் அப்பாவிடம், "லெஃப்ட் தோள் கொஞ்சம் எறங்கிக்கீது. பேசி முடிக்கறப்ப யாரும் பாக்கலியா?" என்றார். அவர் இதைக் குசுகுசுவென்றுகூடச் சொல்லவில்லை. வீடியோவில் அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எந்தப் பொருளையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவரிடம் மிஞ்சிப்போனால் கிடைப்பது 'ஓகே'. அதையும் சொந்த நகையைக் கழற்றிக் கொடுக்கிற முகத்தோடுதான் சொல்வார்.

அவர் மேசைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி ஒன்று பூட்டி வைத்திருக்கும். உள்ளே ஒரு குறையும் இல்லாமல் கட்டிய ஒரு பீஸ் தொங்கும். அதற்கு மாஸ்டர் சாம்பிள் என்று பெயர். ஷிப்டு தொடங்கும்போது முதலில் வருகிற பீஸை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் லைனை ஓடவிட வேண்டும். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். இவர் மட்டும் அந்தப் பெட்டிக்கு ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார். கூட இருக்கிற மெஷின்களுக்கு வெறும் பொட்டுதான்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவர் மூளைக்கு எப்படிப் படம் எடுத்தார்கள் என்பது புரியாது.

எனக்கு ஸ்கிசோஃப்ரினியா. யாரும் இல்லாத இடத்தில் இரண்டு பேர் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பல் தேய்ப்பதையும் பஸ் ஏறுவதையும் விடாமல் வர்ணித்தார்கள். வேறு வேலைவெட்டி இல்லாதவர்கள். கொஞ்ச காலம் படுத்த படுக்கையாக இருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அந்த இருவரும் ஒருவழியாக வாயை மூடினார்கள். மறுபடி வேலைக்கு வந்தேன். அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். நான் வேலைக்கு வந்தால்தான் உலை கொதிக்கும்.

குரல்கள் போய்விட்டன, ஆனால் தலை பழைய தலையாக இல்லை. பச்சை வயரைச் சொருகிவிட்டு மஞ்சளை எடுப்பேன். அதற்குள் பச்சையைச் சொருகினேனா என்பது மறந்துவிடும். சூப்பர்வைசர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலச் சொன்னால் கடைசி வார்த்தைதான் கையில் நிற்கும். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. குரல் கேட்பதற்கு மாத்திரை இருக்கிறது, இந்த மறதிக்கும் மந்தத்துக்கும் இன்னும் சரியான மாத்திரை இல்லை என்றார். மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்களுக்கும் இதே கஷ்டம் இருக்கிறதாம். அழுகை நின்ற பிறகும் கவனம் திரும்பி வருவதில்லையாம். வேலையை இழப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், இதைத்தான் நாங்கள் மூளையைப் படம் பிடித்து ஆராய்ச்சி செய்கிறோம், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார். என் தலை யாருக்காவது பயன்படட்டும் என்று சம்மதித்தேன்.

தலைக்கு ஏதோ வைத்தியமாம் என்ற அரைகுறைச் செய்தி பரவியதும், கம்பெனியில் எல்லாரும் திடீரென்று என்னிடம் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். வாய்க்கு வாய் 'அக்கா' என்றார்கள். நான் தப்பாகச் சொருகினால் பக்கத்துப் பெண் சத்தம் போடாமல் சரிசெய்துவிடுவாள். நான் பார்த்தால் சிரிப்பாள். நான் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் இடம் தாராளமாக இருந்தது. அந்தச் சிரிப்புகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரிஜெக்ட் சார் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நான் திரும்பி வந்த முதல் நாளே என் பீஸைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க நடந்து வந்து என் போர்டின் மேல் போட்டார். "இன்னாம்மா இது, டேப் சுத்திக்கீறியா, பேன்டேஜ் கட்டிக்கீறியா?" என்றார். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆராய்ச்சிக்கு என்னைப் போன்றவர்கள் மட்டும் போதாது. நோயில்லாதவர்களும் வேண்டும். எங்கள் வயது, எங்கள் படிப்பு, எங்களைப் போலவே ஷிப்டு வேலை செய்கிறவர்களாக இருந்தால் நல்லது. அப்போதுதான் இந்தக் கூட்டத்தின் மூளையையும் அந்தக் கூட்டத்தின் மூளையையும் ஒப்பிட முடியும். தெரிந்தவர்கள் யாராவது வருவார்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் கேன்டீனில் கேட்டேன். ஒருத்திக்கு அன்றைக்கு விரதம். இன்னொருத்திக்குக் காந்தம் ஒத்துக்கொள்ளாதாம். காந்தம் ஒத்துக்கொள்ளாத உடம்பு உலகத்தில் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்கள்.

"நான் வரேன்" என்றது ஒரு குரல். பக்கத்து மேசையில் அப்பளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ரிஜெக்ட் சார்.

அவர் ஆராய்ச்சிக்காக வரவில்லை. பஸ்ஸில் அவரே காரணத்தைச் சொன்னார். அவர் மனைவி எதற்கெடுத்தாலும் "உனுக்கு மூள கீதா?" என்று கேட்கிறாராம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாராம். ஒரு தடவை ஆஸ்பத்திரியிலேயே படம் எடுத்து அந்தம்மா மூஞ்சிக்கு நேராகக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்றார். ஒரு கண்டிஷன் மட்டும் போட்டார். படம் எடுக்கிற மெஷின் நன்றாக இருக்கிறதா என்று முதலில் தான் பார்ப்பாராம்.

பார்க்கவும் செய்தார். அறைக்கு வெளியே நின்று மெஷின் போடுகிற தடதடச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "பேரிங் போய்க்கீது" என்று அங்கிருந்த உதவியாளர் பெண்ணிடம் அறிவித்தார். அந்த மெஷினின் சத்தமே அப்படித்தான் சார் என்று அவள் சொன்னாள். தென்காசிப் பக்கத்துப் பெண், உளவியல் படித்தவள், பொறுமைசாலி. எல்லாப் பேரிங்கும் போகும்போது ஆபரேட்டர் இதைத்தான் சொல்கிறான் என்றார் இவர். பிறகு இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் இடுப்புத் தாயத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று பெரிய வழக்கு நடந்தது. கடைசியில் கழற்றி என் கையில் கொடுத்தார். "கீழ வெச்சிடாத" என்றார்.

உள்ளே வேலை ஒன்றும் பெரிதில்லை. எனக்கு முந்தின வாரமே எடுத்துவிட்டார்கள். தலையை ஒரு கூண்டுக்குள் வைத்து, பக்கத்தில் பஞ்சு அடைத்து, குழாய்க்குள் தள்ளுவார்கள். கண்ணுக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தாக வந்து போகும். இப்போது வந்த எழுத்து இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்த அதே எழுத்துதானா என்று பார்த்து, ஆமாம் என்றால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பச்சையைச் சொருகினேனா என்று தினம் லைனில் நான் படுகிற அவஸ்தையைத்தான் அங்கே எழுத்தாக ஓடவிட்டிருந்தார்கள். நான் நிறையத் தப்பு செய்தேன். ஆனால் அசையவில்லை. இந்தப் படத்துக்கு அதுதான் முக்கியம். தலை ஒரு நூல் அளவு ஆடினாலும் படம் கெட்டுவிடும்.

இவர் ஆட்டினார். பின்னே, ஆட்டாமல் என்ன செய்வார்? வருஷக்கணக்காக ஒவ்வொரு பீஸாகப் பார்த்து, சரியென்றால் மேலும் கீழும், தப்பென்றால் பக்கவாட்டில் ஆட்டிப் பழகிய தலை. எழுத்து வந்ததும் தலை தானாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. வெளியே பெஞ்சில் தாயத்தும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு உதவியாளர் மைக்கில் கெஞ்சுவது கேட்டது. "சார், தலைய ஆட்டாதீங்க சார்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "சார், பட்டன மட்டும் அமுக்குங்க, தலை வேண்டாம்." அதற்கும் அவர் சரி என்று தலையை ஆட்டியிருப்பார் போலிருக்கிறது.

வெளியே வந்தவரிடம் அந்தப் பெண், படம் சரியாக வரவில்லை, இன்னொரு நாள் வர முடியுமா என்று பதமாகக் கேட்டாள். அடுத்த வாரம் போனார். அடுத்த வாரமும் தலை தன் வேலையைப் பார்த்தது. மூன்றாவது தடவை அவர்கள் கூப்பிடவில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று, எழுத்து விளையாட்டுக்கு முன்னால் எடுத்த சாதாரண மூளைப் படம் ஒன்றை மட்டும் அந்தப் பெண் போனில் அனுப்பினாள். இது ஒரு நினைவுக்குத்தான், இதை வைத்து நல்லது கெட்டது ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அவள் சொன்ன பின்பாதி அவருக்குக் கேட்கவில்லை போலும். மறுநாள் அந்தப் படம் கேன்டீன் மேசைகளெல்லாம் சுற்றி வந்தது. சாம்பல் நிறத்தில் பாதி வெட்டிய காலிஃப்ளவர் மாதிரி இருந்தது. "பாத்துக்க, டாக்டருங்களே எடுத்தது. ஒரு டிஃபெக்ட் கெடையாது" என்றார். முதல் தடவை எடுத்த படம் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் இரண்டாம் தடவை ஸ்பெஷலாகக் கூப்பிட்டார்கள் என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இனிமேல் இந்த ஏரியாவில் மூளை சரியில்லாதவர்களை எல்லாம் தன் மூளையோடு வைத்துத்தான் ஒப்பிடப்போகிறார்கள், தான்தான் மாஸ்டர் சாம்பிள் என்று அவர் சொன்னபோது எனக்குப் புரையேறிவிட்டது. அவர் மனைவி அந்தப் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாராம். "கீறது தெரிது. வேல செய்யுதான்னு எங்கனா போட்டுக்கீதா?" என்று கேட்டாராம். இதையும் அவரே எங்களிடம் சொன்னார், அந்தம்மாவுக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்பதற்கு உதாரணமாக. எனக்கு என்னவோ அந்தம்மாவைத்தான் ஆராய்ச்சியில் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

இந்தக் கூத்து அடங்குவதற்குள் எனக்கு ஓலை வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் பேசிய யாரோ ஒருத்தி என் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, எதற்கான மாத்திரை என்று போனில் தேடிப்பிடித்து, ஹெச்ஆரில் சொல்லிவிட்டாள். ஹெச்ஆர் மேடம் என்னைக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து ஏசி காரில் வந்துபோகிறவர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். எங்களுக்கு உங்கள் நலன்தான் முக்கியம் என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் நமக்கு நலம் இல்லை என்று அர்த்தம்.

டாக்டரம்மா, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இவர் வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மேடத்துக்கு அது போதவில்லை. ஸ்கேன் எடுத்தீர்களாமே, அதில் ஓகே என்று வந்ததா, அதை வாங்கி வாருங்கள் என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பல பேர் படங்களைக் கூட்டாக வைத்துப் பார்த்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரியும், ஒருத்தர் படத்தைத் தனியாக எடுத்து இவர் வேலைக்கு ஆவார், ஆகமாட்டார் என்று சொல்ல முடியாது, சொன்னால் அது பொய் என்றார். நேர்மையான மனுஷி. அந்த நேர்மையை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் கொடுத்தேன். "அப்போ ஓகேன்னும் சொல்லல இல்லையா?" என்றார் மேடம். திங்கட்கிழமையிலிருந்து நான் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்பது அவர் யோசனை. அந்த ஓய்வுக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார்கள். என் வேலையின் தரம் பற்றிக் கேட்பதற்காக ரிஜெக்ட் சாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தோளையே விடாத மனிதர், என்னை விடுவாரா? அவர் உள்ளே வந்து, மேடத்தின் அறையை ஒரு சுற்றுப் பார்த்து, சுவரில் இருந்த காலண்டரை நேராக்கிவிட்டு உட்கார்ந்தார்.

இவர் பீஸில் தப்பு வருகிறதா என்று மேடம் கேட்டார்.

"வருது."

மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எல்லார் பீஸ்லயும் வருது மேடம். இவங்க கொஞ்சம் ஸ்லோ. டெய்லி ரெண்டு மூணு திருப்பி அனுப்புறேன். பிரிச்சிட்டு மறுபடி கட்டிக் குடுக்கறாங்க. கட்டிக் குடுத்தா ஓகே."

அது இல்லை, மனநிலை விஷயம், ஆஸ்பத்திரியில் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை என்று மேடம் இழுத்தார். ரிஜெக்ட் சார் போனை எடுத்தார். காலிஃப்ளவர் படத்தை மேடத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது என் மூள. இத வெச்சித்தான் இவங்கள செக் பண்ணாங்க. ரெண்டு தபா. ரெண்டும் மேட்ச் ஆவுது. இவங்க ஓகே இல்லன்னா நானும் ஓகே இல்ல. அப்ப நான் இதுவரிக்கும் பாஸ் பண்ண பீஸு எல்லாத்தையும் காரு கம்பெனிலேர்ந்து திருப்பிக் கொண்டாருங்க."

மேடம் படித்தவர்தான். ஆனால் அனுப்பிய சரக்கு திரும்பி வரும் என்கிற பேச்சு அந்தக் கட்டிடத்தில் எந்தப் படிப்பையும் கலங்கடித்துவிடும். படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா? இவரோட ஸ்கேன வெச்சுதான் கம்பேர் பண்ணாங்களா?"

டாக்டரம்மாவின் முகம் ஒரு கணம் என் கண்முன் வந்து போனது. உண்மை என் கைக்கு ஒரு வேலையையும் வாங்கித் தரவில்லை.

"ஆமா மேடம்" என்றேன்.

மேடம் பெருமூச்சு விட்டார். சரி, இப்போதைக்கு வேலையில் இருக்கட்டும் என்றார். டாக்டரின் சீட்டால் ஆகாதது, ஆராய்ச்சியால் ஆகாதது, அந்த உளறலால் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் நன்றி சொன்னேன். எதற்கு என்பதுபோல் பார்த்தார். நன்றியை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை.

"உங்க தல ஆடிச்சி சார். ரெண்டு தபாவும். உங்க படத்த அவங்க எடுத்துக்கவே இல்ல."

"தெரியும்" என்றார்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணி சொல்லிச்சி, சேக்க முடியாதுன்னு. ரிஜெக்ட்டுன்னு சொல்றதுக்கு அதுக்கு மனசு வரல பாவம். நமக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

என் மேல் உள்ள இரக்கத்தால்தான் அப்படிப் பேசியதாக அவர் சொல்லியிருந்தால் அன்றோடு அவரை எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். அவர் முகத்தில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. ஹெச்ஆர் கதவைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகக் கடுப்பாகியிருந்தார்.

"இந்த லைன்ல ரிஜெக்ட் பண்றது ஆரு? நானா, அந்தம்மாவா? ஒரு பீஸக் கையில எடுத்துப் பாத்துக்கீறாங்களா? வந்துட்டாங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய்த் தன் மேசையில் நின்றுகொண்டார்.

பிறகு கொஞ்ச காலத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே யார் சாம்பாருக்கு அந்தக் கதி நேர்ந்ததோ தெரியாது. நான் இன்னும் அதே லைனில்தான் இருக்கிறேன். தலை முன்னைவிடக் கொஞ்சம் தேவலை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் கட்டி அனுப்பிய முதல் பீஸை அவர் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, என் போர்டின் மேல் போட்டார். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அழவில்லை, சண்டை பிடித்தேன். அந்தப் பீஸில் ஒரு தப்பும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.